வாசலில் தொடங்கும் புவியியல்

பள்ளியில் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டுகளே ஆன குழந்தைகள் உலக நாடுகளின் தலைநகரங்களை மளமளவென்று ஒப்பிப்பதைக் கண்டு பெற்றோர் பூரிப்பதுண்டு. விருந்தினர் முன்னிலையில் குழந்தையை நிறுத்தி, பெரு நாட்டின் தலைநகர் எது, மங்கோலியாவின் தலைநகர் எது என்று கேட்பதும் பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அதே குழந்தையிடம், வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றோ, கழுவிவிட்ட நீர் எங்கே போய்ச் சேருகிறது என்றோ கேட்டால் விடை கிடைப்பது அரிது. பெரியவர்களிடமும் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை இருப்பதில்லை என்பதே இதில் கவலைக்குரிய செய்தி. ஊருக்கு வேண்டிய நீரை எந்த ஆற்றிலிருந்து எடுப்பது, எந்த ஏரியைக் காப்பது, குப்பையை எங்கே கொட்டுவது என்பன போன்ற முடிவுகளில் வாக்களிக்க வேண்டிய குடிமக்களாக இக்குழந்தைகள் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்துவிடுவார்கள்.

முன்னாளில் பூகோளம் என வழங்கிய புவியியல், பள்ளிகளில் சமூக அறிவியலின் ஒரு கூறாக ஆறாம் வகுப்பில்தான் முறைப்படி தொடங்குகிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குச் சூழ்நிலையியலைப் பாடமாக வைத்தது. முதலிரண்டு வகுப்புகளில் அதனை மொழியோடும் கணிதத்தோடும் இணைத்துவிட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தை அடித்தள நிலை என வகுத்து, விளையாட்டின் வழியாகவும் செயல் வழியாகவும் கற்பதை அதற்குரிய முறையாகக் குறிப்பிடுகிறது. ஆகவே, நான்கு முதல் எட்டு வயது வரை குழந்தையின் புவியியல் அறிவு பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும்தான் உருவாகிறது. அதற்குப் பாடநூல் இல்லை. குழந்தைக்கு எதில் ஆவல் பிறக்கிறதோ அதுவே பாடத்தின் தொடக்கமாகிறது. இது எவ்வாறு இயலும் என்பதை ஒரு குறிப்பிட்ட ஊரை வைத்து நோக்குவது பயனுடையது.

ஹெப்பாளின் இருப்பிடம்

மைசூரு நகரின் வடமேற்கில் அமைந்துள்ள ஹெப்பாள், ஒரு காலத்தில் ஏரியும் வயலும் கொண்டிருந்த சிற்றூர். இன்று அங்கே தொழிற்பேட்டை, மென்பொருள் வளாகம், குடியிருப்பு மனைகள், வெளிவட்டச் சாலை ஆகியன உள்ளன. பக்கத்து ஊர்களான மேட்டகள்ளி, ஹூட்டகள்ளி ஆகியவையும் இவ்வாறே தொழிற்பகுதிகளாக மாறிவிட்டன. கிருஷ்ணராஜசாகர் அணைக்குச் செல்லும் சாலை அருகிலேயே செல்கிறது. சுற்றுலாப் பயணிகள் நாடும் அழகு ஹெப்பாளில் இல்லை. எனினும் ஆறு, அணை, ஏரி, மலை, இருப்புப்பாதை, ஆலை, பல மாநில மக்கள் என்று புவியியலின் பெரும்பாலான அதிகாரங்கள் அரை நாள் பயணத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் நாட்டின் எந்த நகர்ப்புறத்திலும் இவற்றுள் பாதியேனும் இருக்கும். எனவே இங்குக் கூறப்படுவன ஹெப்பாளுக்கு மட்டுமே உரியன அல்ல.

குழந்தையின் உள்ளத்தில் இடம்

சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் ழான் பியாஜே, ஜெனீவா நகரக் குழந்தைகளிடம் நடத்திய உரையாடல்கள் இத்துறையில் புகழ்பெற்றவை. சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1951-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. ஜெனீவா சுவிட்சர்லாந்தில் உள்ளது என்று சொல்லத் தெரிந்த சிறு குழந்தைகள், தாங்கள் ஜெனீவாக்காரர்கள் ஆதலால் சுவிஸ் நாட்டவராகவும் இருக்க முடியாது என்று கருதினர். ஓர் இடம் மற்றோர் இடத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது பெரியவர்களுக்கு எளிதாகத் தோன்றும். ஏழெட்டு வயது வரை அது குழந்தைக்கு எளிதன்று. ஊர், மாவட்டம், மாநிலம், நாடு, கண்டம் என்ற வரிசையைக் குழந்தை பாட்டாகப் பாடிவிடலாம். அவற்றின் உறவு அதன் மனத்தில் பதிந்திருக்கும் என்று கொள்ள முடியாது.

சமையலறையிலுள்ள அடுக்குப் பாத்திரங்கள் இங்கே நல்ல கருவியாகும். மிகச் சிறிய பாத்திரம் வீடு. அதனை அடக்கியது ஹெப்பாள். அதனையும் அடக்கியது மைசூரு. அதற்கு வெளியே கர்நாடகம். அதற்கும் வெளியே இந்தியா. குழந்தை தானே எடுத்து அடுக்கிப் பார்க்கும்போது, சிறிய பாத்திரம் ஒரே நேரத்தில் எல்லாப் பாத்திரங்களுக்குள்ளும் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு மூன்று முறை விளையாடிய பின் விட்டுவிடலாம். மீண்டும் கேட்டால் மீண்டும் அடுக்கலாம்.

இம்முறைக்கு நம் நாட்டிலேயே முன்னோடிகள் உண்டு. இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியில் மரநிழலே வகுப்பறை. குஜராத்தில் வழக்கறிஞராயிருந்து கல்வியாளராக மாறிய கிஜுபாய் பத்தேகா, 1920-இல் பாவ்நகரில் பாலமந்திரைத் தோற்றுவித்து, அச்சுறுத்தலும் மனப்பாடமும் இல்லாத கல்வியை நடத்திக் காட்டினார். 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலோடு ஏனைய பாடங்களை இணைத்தது. நூல் நூற்கும் குழந்தை பருத்தி விளையும் மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் அறிந்துகொள்ள அதில் இடமிருந்தது. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பூவையும் பறவையையும் தொழிலையும் சேர்த்தே எண்ணிய தமிழ் மரபும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. நிலத்தை அதில் வாழும் உயிர்களோடு சேர்த்துப் பார்ப்பதே குழந்தையின் இயல்புமாகும்.

தண்ணீரைத் தொடர்தல்

குழந்தைகளுக்குத் தண்ணீரின்மேல் உள்ள விருப்பம் பெற்றோர் அனைவரும் அறிந்தது. மழை பெய்து ஓய்ந்ததும் தெருவில் ஓடும் நீரில் காகிதக் கப்பல் விடுவது புவியியலின் முதற்பாடமாக அமையும். கப்பல் ஏன் இந்தப் பக்கம் போகிறது, ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? தெரு தட்டையாக இல்லை, சாய்ந்திருக்கிறது என்ற உண்மையைக் கண்ணைவிடத் தண்ணீர் தெளிவாகக் காட்டுகிறது. கப்பலைத் தொடர்ந்து சென்றால் சாக்கடை வாய் வரும். அதற்கு அப்பால் அது எங்கே செல்கிறது என்ற வினாவைப் பெரும்பாலும் குழந்தையே எழுப்பும்.

மைசூரு காவிரிக்கும் கபினிக்கும் இடைப்பட்ட நிலம். நகரின் வடபகுதியில் விழும் மழை காவிரியை நோக்கியும், தென்பகுதியில் விழும் மழை கபினியை நோக்கியும் வடிகின்றது. இரு நதிகளும் திருமகூடலு நரசிபுரத்தில் சங்கமமாகின்றன. கப்பல் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அது ஒரே ஆற்றை அடையும் என்ற செய்தி ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு கதைக்குரிய வியப்பைத் தருகிறது. கொல்லைப்புறத்தில் மண்ணைக் குவித்து, உச்சியில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது பிரிந்தும் சேர்ந்தும் ஓடுவதைக் காணச் செய்தால் நீர்ப்பிரிவு, கிளையாறு, சங்கமம் ஆகிய மூன்றும் விளங்கிவிடும். சொற்கள் பின்னால் வரட்டும்.

அடுத்து, வரும் நீர். மைசூரு நகரம் குடிநீரைக் காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும் பெறுகிறது. ஹெப்பாளிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம் ஆகிய மூன்று ஆறுகளின் நீரும் சேருமிடத்தில், மக்கள் கண்ணம்பாடி அணை என்று இன்றும் அழைக்கும் கிருஷ்ணராஜசாகர் உள்ளது. 1911-இல் பணி தொடங்கிய இவ்வணை இருபதாண்டுகளில் நிறைவெய்தியது. சிமென்டை நம்பாமல் செங்கற்பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிக் காரையைக் கொண்டு இதனைக் கட்டினர். இதன் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 49 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 124.80 அடி. குழந்தைக்கு டி.எம்.சி. கணக்குத் தேவையில்லை. ஆனால் நாளேட்டில் நாள்தோறும் வெளிவரும் நீர்மட்ட அளவை ஜூன் முதல் அக்டோபர் வரை சுவரில் ஒட்டிய தாளில் குறித்துவந்தால், மழைக்காலம் என்பது கோடாக மேலேறுவதைக் குழந்தை தன் கையாலேயே வரைந்துவிடும். குடகில் பெய்யும் மழை மைசூருவின் அணையை நிரப்புகிறது என்பதையும் அத்தாளே காட்டும். ஹெப்பாளில் வானம் வெறிச்சென்றிருக்கும் நாட்களிலும் கோடு ஏறுவதைக் கண்டு குழந்தை காரணம் கேட்காமல் இராது.

பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரக் குவளையை மொட்டை மாடியில் வைத்து, மழைக்குப் பின் அளவுகோலை அதில் நட்டுப் பார்த்தால் அதுவே மழைமானி. மைசூருவின் ஆண்டு மழை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை ஒட்டிய குடகுப் பகுதிகளில் இதைப் போலப் பல மடங்கு பெய்கிறது. மலை முகிலை மறித்துத் தன் மேற்குச் சரிவில் மழையைப் பெற்றுக்கொள்கிறது. கிழக்கே எஞ்சியது வருகிறது. குளித்துவிட்டு வரும் குழந்தை குளியலறைக் கண்ணாடியில் படிந்த நீர்த்துளிகளைக் காட்டிக் கேட்டால், நீராவி குளிர்ந்து நீராவதை அங்கேயே சொல்லிவிடலாம்.

கழிவுநீரின் வழி இத்தனை இனிமையானதன்று. ஹெப்பாள் ஏரியே இதற்குச் சான்று. சுற்றிலும் நகரமும் தொழிற்பேட்டையும் வளர்ந்தபோது கழிவுநீர் கலந்து சீர்கெட்டிருந்த அந்த ஏரி, பின்னர் இன்போசிஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு தூர் வாரப்பட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. ஏரிக்கரையில் நடக்கும் குழந்தைக்கு இந்த வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. நாற்றம் ஏன் வருகிறது என்று கேட்கும் குழந்தைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வதோடு நின்றுவிடுவது, பாடநூல் எதனாலும் ஈடுசெய்ய முடியாத ஒரு வாய்ப்பைத் தவறவிடுவதாகும். வீட்டில் சோப்பு நுரையோடு இறங்கும் நீருக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பை ஆறு வயதில் உணர்ந்த குழந்தைக்கு, நீர் மாசு என்ற பாடம் பத்து வயதில் புதிதாகத் தோன்றாது.

ஆற்றின் போக்கைக் கீழ்நோக்கியும் தொடரலாம். குடகில் தலைக்காவிரியில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, சிவனசமுத்திரத்தில் அருவியாகி, ஒகேனக்கலைத் தாண்டி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, பூம்புகாருக்கருகில் கடலை அடைகிறது. சிவனசமுத்திரத்தில் 1902-இலேயே மின்சாரம் எடுக்கப்பட்டு, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டது. ஹெப்பாளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஆற்றின் கீழ்க்கரையில் உறவினர் உண்டு. தாத்தாவின் வயலுக்குப் பாயும் நீரும் தன் வீட்டுக் குழாயில் வரும் நீரும் ஒரே ஆற்றினவை என்று குழந்தை அறிவது வெறும் தகவலறிவு அன்று. உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, இயல்பான மழை பெறும் ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் விடப்பட வேண்டுமென வரையறுத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்நீரைப் பற்றி இரு கரைகளிலும் எழும் சினத்தைக் குழந்தைகளும் தொலைக்காட்சியில் காண்கின்றனர். ஆற்றை முழு நீளத்துக்கும் மனத்தில் கண்ட குழந்தைக்கு மறு கரையிலும் குழாய்களும் வயல்களும் உள்ளன என்பது தெரிந்திருக்கும். அச்சினத்தின் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இவ்வறிவு எவ்வளவு தேவை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கதிரவனும் நிழலும்

தன் நிழலை மிதிக்க முயன்று தோற்பது குழந்தைகளின் பழைய விளையாட்டு. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்தால் திசைகள் தாமே அமைந்துவிடும். மைசூரு வடக்கு அட்சரேகை 12 பாகையை ஒட்டி இருப்பதால், ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். இந்த நண்பகலும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் ஒன்றல்ல என்பதையும் குச்சி காட்டிக்கொடுக்கும். உத்தரப்பிரதேசத்தில் மிர்சாபூருக்கருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு நம் நாட்டு நேரம் கணக்கிடப்படுகிறது. மைசூரு அதற்கு மேற்கே இருப்பதால் இங்குக் கதிரவன் உச்சியடைவது பன்னிரண்டு மணி கடந்து ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பின்னரே. ஐந்து வயதில் நிழலை மட்டும் பார்த்தால் போதும். கடிகாரப் புதிரை எட்டு வயதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திசையறிவின் பயனைச் சொல்ல அருகிலேயே ஒரு கதையும் உண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது, ஆங்கிலேயப் படைப் பிரிவொன்று இருளில் வழிதவறித் திப்பு சுல்தானின் பாசறையை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. விண்மீன்களைக் கண்டு அதனை உணர்ந்து தளபதியை எச்சரித்தவர் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி. அவரே பின்னர் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, நாடளாவிய பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். போர்க்கதைகளில் நாட்டமுள்ள குழந்தை இதனைப் பலமுறை கேட்க விரும்பும். அன்றிரவே மாடியில் ஏறி வடக்கைக் காட்டச் சொல்லலாம்.

பொருள்களின் பயணம்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பற்று இருக்கும். சிலருக்கு வண்டிகள், சிலருக்குப் பொம்மைகள், சிலருக்குத் தின்பண்டம். பெங்களூரு–மைசூரு சாலையிலுள்ள சென்னபட்டணத்தின் மரப்பொம்மை பல வீடுகளில் உள்ளது. அதன் மரம் வெட்பாலை. கர்நாடகக் காடுகளில் வளர்வது. அதன் பளபளப்பு அரக்கினால் ஆனது. அரக்கு, புரசு போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு, ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் மிகுதியாகக் கிடைப்பது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொம்மையில் இரு நிலப்பகுதிகள் இணைந்துள்ளன. வண்டிகளில் ஆவலுள்ள குழந்தைக்கு மேட்டகள்ளியின் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. கறுத்துக் கெட்டியான டயர், கேரள மலைச்சரிவுகளில் மரப்பட்டையைக் கீறிச் சிரட்டையில் பிடித்த வெள்ளைப் பாலிலிருந்து தொடங்குகிறது என்றால் குழந்தை எளிதில் நம்பாது. நம்பாமை நல்லதே, படத்தைத் தேடிப் பார்ப்பதற்கு அது தூண்டும்.

இவை யாவற்றையும்விட அஞ்சறைப் பெட்டி சிறந்தது. மிளகும் ஏலக்காயும் குடகிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்திருக்கலாம். பக்கத்து டப்பாவிலுள்ள உப்பு தூத்துக்குடியிலிருந்தோ குஜராத்திலிருந்தோ வந்தது. பெருங்காயத்தின் பிசின் ஆப்கானிஸ்தானம், ஈரான், உஸ்பெகிஸ்தானம் ஆகிய குளிர்ந்த வறண்ட நாடுகளிலிருந்து இறக்குமதியாவது. நம் நாட்டில் அச்செடியைப் பயிரிடும் முயற்சி 2020 அக்டோபரில்தான் இமாசலப்பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கப்பட்டது. நாள்தோறும் சாம்பாரில் மணக்கும் ஒரு பொருள் நம் மண்ணில் ஏன் விளையவில்லை என்ற வினா, தட்பவெப்பம் என்ற அதிகாரத்தை அப்படியே திறந்துவிடுகிறது.

பறவைகளில் ஆவலுள்ள குழந்தைக்கு இன்னும் பெரிய உலகம் காத்திருக்கிறது. பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ரங்கனதிட்டு அண்மையிலேயே உள்ளது. நஞ்சன்கூடு வட்டத்து ஹதினாரு ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து ஆகிய இடங்களில் இனப்பெருக்கம் செய்து, இமயத்தைக் கடந்து பறந்து வருபவை. மங்கோலியாவின் தலைநகரை இந்தக் குழந்தையும் ஒருநாள் கற்றுக்கொள்ளும். அந்த நாட்டிலிருந்து வந்த ஒரு வாத்தைக் கண்ட பின்னர் கற்கும்.

மக்களும் ஊர்ப்பெயர்களும்

ஹெப்பாளின் தொழிற்பேட்டையிலும் மென்பொருள் வளாகத்திலும் பணிபுரிவோர் நாட்டின் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். அடுத்த வீட்டார் ஒடிசாவினர், எதிர்வீட்டார் வடகர்நாடகத்தினர், மாடியில் வங்காளிகள் என்று அமைவது இங்குப் புதுமையன்று. அவர்கள் ஊருக்குச் செல்ல எத்தனை நாள் ஆகிறது, வழியில் எந்த ஆறுகளைக் கடக்கிறார்கள், அங்கே காலையில் என்ன உண்கிறார்கள் என்று குழந்தையே கேட்டு வரலாம். எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளிகூடத் தன் ஊரைப் பற்றிப் பேசுகையில் சிறந்த புவியியல் ஆசிரியராகிவிடுகிறார். இம்மூலவளத்தைப் படித்த குடும்பங்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

தமிழ் பேசும் குழந்தைக்குக் கன்னட ஊர்ப்பெயர்கள் தனி இன்பம் தருவன. தமிழின் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகிறது: பால் ஹாலு, புலி ஹுலி, பாம்பு ஹாவு. இந்த வழியே பள்ளி என்ற ஊர்ப்பெயர் ஈறு ஹள்ளியாகிறது. கெரெ என்றால் ஏரி. பெட்ட என்றால் மலை. குக்கரஹள்ளி கெரெ என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் அங்கு ஓர் ஊரும் ஏரியும் இருந்தாக வேண்டும் என்று எட்டு வயதுக் குழந்தை ஊகித்துவிடும். ஏரி மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய இடங்களையும் இவ்வாறே கண்டுபிடிக்கலாம்.

விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும் தொடர்வண்டிப் பயணமும் பாடமே. நம் நாட்டு இரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகைகளில், ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்நிலையத்தின் உயரம் எழுதப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மைசூருவில் ஏறத்தாழ 770 மீட்டராக இருப்பது பெங்களூருவில் 900 மீட்டரை எட்டி, பின்னர் படிப்படியாகக் குறைந்து சென்னையில் கடல் மட்டத்தை நெருங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது என்பதோடு இதனைச் சேர்த்துப் பார்த்தால், சென்னையில் இறங்கியதும் வியர்ப்பதன் காரணங்களில் ஒன்று புலப்படும். 2022 நவம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் வண்டியில் பலகைகளைப் படிக்க நேரமிருக்காது. இப்பாடத்துக்கு எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியே ஏற்றது. இரயிலில் பற்றுள்ள குழந்தைக்கு, 1979-இல் தொடங்கப்பட்ட மைசூரு இரயில் அருங்காட்சியகமும் அதே கிருஷ்ணராஜசாகர் சாலையில் இருக்கிறது.

குழந்தை வரையும் படம்

நிலப்படம் என்பது மேலிருந்து கீழே பார்த்த காட்சி. பக்கவாட்டிலேயே பார்த்துப் பழகிய குழந்தைக்கு இது விளங்க நாளாகும். மேசைமேல் தீப்பெட்டி, குவளை, சாவி ஆகியவற்றை வைத்து, நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து பார்த்து வரையச் சொல்வதே தொடக்கம். அடுத்து படுக்கையறை, பிறகு வீடு, அப்புறம் கடைக்குச் செல்லும் வழி. வழியை வரைகையில் குழந்தை தான் அஞ்சும் நாயையும் தனக்குப் பிடித்த மிட்டாய்க் கடையையும் பெரிதாக வரையும். சாலைச் சந்திப்பை விட்டுவிடும். அதைத் திருத்த வேண்டியதில்லை. அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்று வந்தால், எது தவறியது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும். காலடிகளை எண்ணி, பத்தடிக்கு ஒரு விரற்கடை என்று வரையத் தொடங்கியதும் அளவுத்திட்டம் பிறந்துவிடுகிறது.

இடையூறுகள்

இம்முறையின் குறைகளையும் கூறுதல் முறையாகும். ஆவலை மட்டும் பின்பற்றினால் அறிவில் இடைவெளிகள் விழும். எந்தக் குழந்தையும் தானாகத் தீர்க்கரேகையைப் பற்றியோ பாலைவனத்தைப் பற்றியோ கேட்பதில்லை. எட்டு வயதுக்குப் பின் முறையான பாடம் இதனை நிரப்ப வேண்டும். சிறு வயதில் இந்த இடைவெளியைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. அதைவிடப் பெரிய ஊறு, ஆர்வமிக்க பெற்றோரால் வருவது. குழந்தை ஒரு வாத்தைக் காட்டியவுடன் இமயமலை, மங்கோலியா, வலசை என்று அரைமணி நேரம் பேசினால் அடுத்த முறை அது வாத்தைக் காட்டாது. ஒரு வினாவுக்கு ஒரு விடை போதும். மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி இருவருமாகத் தேடுவதில் இழுக்கு இல்லை. நமக்கே தெரியாததை எவ்வாறு கற்பிப்பது என்று பல பெற்றோர் தயங்குகின்றனர். இம்முறையில் பெற்றோர் உடன் கற்பவராக இருந்தாலே போதும்.

ஆலையில் இரவு முறை வேலை பார்த்துத் திரும்பும் தந்தைக்கும், வேலையும் வீடும் ஒருங்கே சுமக்கும் தாய்க்கும் ஏரிக்கரை உலா எளிதன்று. வெளிவட்டச் சாலையின் போக்குவரத்தில் குழந்தையைத் தனியே அனுப்பவும் இயலாது. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். ஆண் பிள்ளை தெருமுனை வரை சென்று வருவதை அனுமதிக்கும் குடும்பம், அதே வயதுப் பெண்ணை வாசலுக்குள் நிறுத்திவிடுகிறது. அவள் வரையும் நிலப்படம் சிறியதாக இருப்பதற்குக் காரணம் அவளுடைய அறிவுக்குறை அன்று. கடைக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் போகும்போது அவளையும் உடன் அழைத்துச் சென்று, திரும்பும் வழியை அவளே காட்டச் சொல்வது செலவில்லாத பரிகாரம். அதற்குத் தனி நேரமும் வேண்டியதில்லை.

விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. ஒரு கோணமில்லாக் கண்ணாடிக் குப்பி, அளவுகோல், குச்சி, குறிப்பேடு ஆகியவை போதுமானவை. உலக உருண்டை ஒன்றிருந்தால் நல்லது. இல்லாவிடில் சாத்துக்குடியும் பேனாவும் அதன் பணியைச் செய்யும். முன்னர் எளிதில் கிடைக்காதிருந்த நிலப்படங்களும் இன்று பொதுமக்களுக்கு எட்டியுள்ளன. இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் இணையதளத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நிலப்படத் தரவுகளின் மீதிருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தின. 1767 முதல் இயங்கிவரும் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்டத் தாள்களில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். மைசூருவைக் காட்டும் தாளை விரித்து, ஏரிக்கு நீலமும் இருப்புப்பாதைக்குக் கறுப்பும் தீட்டப்பட்டிருப்பதைக் காட்டினால், குழந்தை முதலில் தேடுவது தன் வீட்டைத்தான். அத்தாளில் வீடு தென்படாது. ஏரியின் கரையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தன் தெருவுக்குத் தான் நடக்கும் வழியை விரலால் தொடர்ந்து சென்று, இங்கேதான் இருக்க வேண்டும் என்று அது ஓரிடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கும்.